ஒரே முகூர்த்தம்

ஆடியில் அவன் ஒருநாள்கூட விடுவதில்லை.
மார்கழியில் பனியோடு வந்து
பூட்டிய வகுப்புக்கு முன்னால் நிற்பான்.
ஆவணி பிறந்தால் போச்சு.
தையில், மாசியில்
என் பதிவேடு முழுக்கச் சிவப்பு மை.
"சீசனுக்குப் படிக்கிற பையன்" என்று
ஆசிரியர் அறையில் சிரித்தோம்.
நானும்தான்.

சேவுகமூர்த்தி, எட்டாம் வகுப்பு ஆ பிரிவு.
அரையாண்டில் கணக்கு முப்பத்தி நான்கு.
அக்கறையில்லாத குடும்பம்,
கூப்பிட்டால் வராத அம்மா.
முன்னேற்ற அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை,
மனசுக்குள் எழுதி வைத்திருந்தேன்.

தை கடைசி வெள்ளி, இரண்டு பேர் வரவில்லை.
தேனம்மைக்குக் கடிதம் வந்திருந்தது.
புதுவயல் ஆலைகளுக்குக் கணக்குப் பார்க்கிற
அவள் அப்பாவின் சாய்ந்த கையெழுத்து:
உறவினர் இல்லத் திருமணத்தில்
கலந்துகொள்ள இருப்பதால் என் மகளுக்கு
ஒருநாள் விடுப்பு அளிக்குமாறு
பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.
மேசையில் குத்தி வைத்தேன்.
கூட்டுவட்டி நடத்தினேன்.
பிறகு பெர்மிஷன் எழுதிக் கொடுத்துவிட்டு
நானும் ஒரு கல்யாணத்துக்குப் போனேன்.

கண்டனூர் ரோட்டு மண்டபம், மூன்றாவது பந்தி.
எதிர் வரிசையில் தேனம்மை.
கவுனியரிசியை இலை ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டே
"மிஸ்" என்று கையசைத்தாள்.
என் டம்ளரில் தண்ணீர் விழுந்தது,
வழிந்தது, இலைக்குள் புகுந்து
உப்பைக் கரைத்தது.
நிமிர்ந்தேன்.
பெரிய ஆள் சட்டை, முழங்கைவரை மடிப்பு,
முதுகில் கேட்டரிங் கம்பெனியின் போன் நம்பர்.
அவனுக்குப் பின்னால் எச்சில் இலை மடித்துக்கொண்டிருந்த பெண்
அவனை ஒரு தரம் பார்த்தாள், என்னை ஒரு தரம்.
கூப்பிட்டால் வராத அம்மா.

இந்த இடத்தில் ஒரு கதை சொல்லலாம்:
பந்திக்கு எத்தனை இலை, எத்தனை வாளி ரசம்
எல்லாம் வாயாலேயே போடுகிறான்,
பையன் கணக்கில் புலி,
நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லை என்று.
அப்படி ஒன்றும் இல்லை.
ஆறு வரிசை, வரிசைக்கு இருபத்திரண்டு,
மொத்தம் எத்தனை இலைடா என்றார் சூப்பர்வைசர்.
தப்பாகச் சொன்னான். குட்டு வாங்கினான்.
சுமாரான பையன்.

தேனம்மையும் சுமார்தான்,
மூன்று வருடம் நோட்டுத் திருத்தியவள் சொல்கிறேன்.
ஆனால் அவளுடைய சுமாருக்கு
சாயங்காலம் டியூஷன் உண்டு, தனி மேசை உண்டு,
தப்பாகப் போட்டால் கிழித்தெறிய வேறு தாள் உண்டு,
"பாப்பாவுக்கு எது புரியலை மிஸ்" என்று
ஸ்கூட்டரை நிறுத்திக் கேட்க ஓர் ஆள் உண்டு.
தொண்ணூற்றியொன்று.
அவனுடைய சுமார்
அன்றைக்கு ராத்திரி பதினொன்றரைக்கு
டாடா ஏஸில், கவிழ்த்த அண்டாக்களுக்கு நடுவே
உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டு வீடு போனது.
கெட்டிக்காரனாக இருந்தால் ஊரே கைதூக்கி விடும்,
பேப்பரில் படம் வரும்.
ஏழை வீட்டில் சுமாராகப் பிறக்கத்தான்
யாரும் பெர்மிஷன் தருவதில்லை.

ஒருநாள்தானே என்பார்கள்.
விட்டது அசலோடு சேரும்,
சேர்ந்ததன் தலையில் அடுத்த பாடம் ஏறும்.
அன்று நான் நடத்தியது அதுதான்.
அவன்தான் இல்லை.

திங்கட்கிழமை, வாய்ப் பழக்கம்,
"லெட்டர் எங்கடா?" என்றேன்.
முதல் தடவையாக நீட்டினான்.
கட்டம் போட்ட தாள், கணக்கு நோட்டில் கிழித்தது.
உறவினர் இல்லத் திருமணத்தில்
கலந்துகொள்ள இருப்பதால் என் மகளுக்கு
ஒருநாள் விடுப்பு.
என் மேசைக் கடிதத்தைப் பார்த்து எழுதியிருக்கிறான்.
முடிந்துபோன கல்யாணம் இன்னும் நடக்க இருந்தது.
மகளும் மகளாகவே இருந்தாள்.
பெற்றோர் ஒப்பம் என்ற இடத்திலும்
அதே உருண்டைக் கையெழுத்து.

சத்தமாகப் படித்தால் வகுப்பு சிரிக்கும்.
படிக்கவில்லை. திருத்தவும் இல்லை.
இரண்டு கடிதத்தையும் ஒரே குண்டூசியில் குத்தினேன்.
என் பெர்மிஷன் சீட்டு
வேறு ஃபைலில் இருக்கிறது.