ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவில்

மண்டபத்தில் ஒரு கல்யாண மண்டபம்.
(இதை வைத்து தினகர் நாலு தடவை ஜோக் அடித்துவிட்டான்.)
மணமேடையில் மைக்.
எதிரே எங்கள் மூவருக்கும் சிவப்பு சோபா,
காதில் இயர்போன், மடியில் மதிப்பெண் சீட்டு.
கடல்காற்று பேனரை இரண்டு முறை கிழித்தது.
காற்று மிஞ்சினால் பாம்பனில் ரயிலை நிறுத்துவது போல
பாட்டை நிறுத்தி நிறுத்தி எடுத்தோம்.

மதியத்துக்குள் முப்பத்தெட்டுப் பேர்.
கீழக்கரை உவைஸ் நன்றாகத் தொடங்கி
சரணத்தில் வார்த்தையைத் தொலைத்தான்.
பாம்பன் நம்புமிச்சை, படகுகளுக்கு டீசல் ஊற்றுகிறவர்,
மூடிய கண்ணை
ட்ராக் முடிந்த பிறகும் திறக்கவில்லை.
ஏழு கொடுத்தேன். ஆறுதான் தகும்.
மீதி ஒன்று அவர் சட்டைக்கு:
புதுசு, மடிப்புக் கலையாதது,
விலைச்சீட்டு இன்னும் காலரில்.

முப்பத்தொன்பது. ரெம்ஜியா, தங்கச்சிமடம்.
நண்டு கம்பெனியில் சதை பிரிக்கிற வேலை.
ஒரு நண்டைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி
முன்னமே படம் எடுத்து வைத்திருந்தார்கள்.
வெந்த நண்டு. இருந்தும்
அதுதான் கேமராவைச் சரியாகப் பார்த்தது.

"எங்கம்மா பாடிப் பழகுவ?"
"கம்பெனிலதான் சார். ஃப்ரீசர் ஓடிக்கிட்டே இருக்கும்.
அந்தச் சத்தத்தோட சேந்துக்குவேன்."
சிரித்தோம். சிரிக்க வேண்டிய இடம் என்று நினைத்து.

ட்ராக் ஐந்தரைக் கட்டை.
அவள் அதற்குக் கொஞ்சம் கீழே நின்றாள்.
வழுக்கவில்லை, நின்றாள்.
பல்லவியில் நின்ற இடத்திலேயே
சரணம் முடியும்வரை.

சுதி தப்புகிறவர்கள் அலைவார்கள்.
முப்பது வருஷம் கோரஸில் நின்றவன் நான்.
பக்கத்துக் குரல் அலைந்தால் எனக்கு முதுகு அரிக்கும்.
அன்றைக்கு அரிக்கவில்லை.
அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

"சுதி சேரலம்மா" என்றேன்.
நான்கு.

"சார், தலையாட்டினது ஃபோகஸ் போச்சு, ஒன் மோர்."
மறுபடி மறுத்தேன்.
அவளும் மறுபடி முகம் வாடினாள், கேட்டபடியே.
"சார், இந்தப் பக்கக் கேமராவுக்கு ஒண்ணு."
மூன்றாம் முறை மறுக்கும்போது
இயர்போனைக் கழற்றியிருந்தேன்.
சேவல் எதுவும் கூவவில்லை.
மேடைக்குப் பின்னால், லாரியில் ஏற்றிய ஜெனரேட்டர்
ம்ம்ம்ம் என்றது,
ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவில்.

மேடையைப் பார்த்து வைத்த ஸ்பீக்கர்
உப்பேறி ஒயர் பச்சை பூத்து
நடுநடுவே ஊமையாகிவிடுகிறது என்று
சாப்பாட்டு நேரத்தில் சவுண்டுக்காரப் பையன் சொன்னான்,
சீலாமீன் குழம்பை ஊற்றிக்கொண்டே.
ட்ராக் கூட்டத்தைப் பார்த்து ஒலித்திருக்கிறது.
அவளுக்குத் தாளம் மட்டும் எட்டியிருக்கும்.
முதுகுக்குப் பின்னால் பெரிதாய்க் கேட்டது எதுவோ
அதோடு சேர்ந்துகொண்டாள்,
வேலை நாளில் செய்வது போல.

தினகரிடம் போனேன். இன்னொரு முறை பாட வைக்கலாம்.
"சார்" என்றான், "அவங்க அழுதது
ரொம்ப நல்லா வந்திருக்கு."
நான் அதற்குமேல் பேசவில்லை.
அடுத்த சீசனுக்கும் என்னைக் கூப்பிட வேண்டும் அவன்.

ராத்திரி, லாட்ஜ் மேசைக்கடியில்
ஒரு குட்டி ஃப்ரிட்ஜ் முனகிக்கொண்டிருந்தது.
அதுவும் அதே கட்டையில்.
விளக்கை அணைத்துவிட்டு
அவள் நின்ற இடத்தில் பல்லவியை வைத்துப் பார்த்தேன்.
உட்கார்ந்தது.
சரணத்தையும் பாடினேன்.
பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார்;
எனக்கு அவர் போட்ட மதிப்பெண்.

வருகிற ஞாயிறு, ஏழு மணிக்கு ஒளிபரப்பு.
சென்னையில் எடிட் முடிந்துவிட்டது.
ஜெனரேட்டர் இரைச்சலைச் சுத்தமாகத்
துடைத்து எடுத்துவிட்டார்களாம்.
இனி பாட்டு மட்டும்தான் இருக்கும்,
அந்தரத்தில், பிசகிப்போய்.
நான்கே அதிகம் என்பார்கள் கேட்கிறவர்கள்.

தங்கச்சிமடத்தில் அவளும் கேட்பாள்.