எண்பத்திரண்டு

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
செல்லூர் அறுபதடி ரோட்டிலிருந்து
கண்மாய்க்கரை வரைக்கும் என் லைன்.
வாசல் சுவரில் கரண்ட் மீட்டருக்கு அடுத்து
சாம்பல் நிறத்தில் இன்னொரு பெட்டி,
மனநிறைவு வாரியம் வைத்தது.
சக்கரம் காட்டும் எண்ணைப் பார்த்து
அட்டையில் குறித்து இனிஷியல் போடுவேன்.
வீட்டுக்காரர்கள் சிரித்தபடி நிற்பார்கள்.
நிற்கத்தான் வேண்டும்.

அறுபதுக்குக் கீழே போனால் அபராதம்.
மூன்று முறை தொடர்ந்தால் மஞ்சள் வேன் வரும்.
ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கட்டடம் இருக்கிறது,
போனவர்கள் நல்லபடியாகத்தான் திரும்புகிறார்கள்.
டெய்லர் சிக்கந்தர் திரும்பி வந்ததிலிருந்து
எல்லோருக்கும் ஒரே அளவில் சட்டை தைக்கிறார்.
யாரும் குறை சொல்வதில்லை. சொன்னால் எண் இறங்கும்.

கெட்டவர்கள் இல்லை வாரியத்தார், அதையும் சொல்லவேண்டும்.
ரேஷன் தட்டாமல் கிடைக்கிறது.
வைகை வறண்டு கிடப்பது கண்ணை உறுத்தக் கூடாதென்று
யானைக்கல் பாலத்தடியில் நீலத் தார்ப்பாய் விரித்திருக்கிறார்கள்.
காற்றடித்தால் அலைகூட அடிக்கும்.
ராத்திரி ஒன்பதரைக்குக் குழாய் ஸ்பீக்கரில்
தாலாட்டு மாதிரி ஒன்று வரும்.
கொத்துக் கரண்டிகள் பாதிக் கொத்தில் நிற்கும்.
தூங்கா நகரம் என்று பேர் வாங்கிய ஊர்
காலை நீட்டிப் படுத்துவிடும்.
நானும்தான். என் எண் எழுபத்தொன்பது.

மிக்சி ரிப்பேர் விருமாயி வீட்டில் மட்டும்
சித்திரையில் எண்பத்திரண்டு.
ஆனியில் எண்பத்திரண்டு.
ஆவணியில் அவள் கடை எரிந்தது,
அப்போதும் எண்பத்திரண்டு.

ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு
பெட்டியைத் தட்டிப் பார்த்தேன்.
சக்கரம் அசையவில்லை.
பின்பக்கம் விரலை விட்டால்
வட்டமாக, கனமாக, சில்லென்று ஒரு காந்தம்.

அவள் சிரிக்கவில்லை.
பதினோரு வருடத்தில் என் முன்னால் சிரிக்காத முதல் முகம்.
எங்கே பார்ப்பதென்று தெரியாமல்
நான்தான் சிரித்துவைத்தேன்.

"ஏது இது?"
"தெருமுக்கு ஸ்பீக்கர் ரிப்பேருக்கு வந்துச்சு.
புதுசு மாட்டிக் குடுத்துட்டேன். இது பழசு.
உங்களைத் தூங்கவச்சதுதான்."

யாரும் சாகவில்லையாம் அவள் வீட்டில்.
காதலா, கடனா, வியாதியா,
நான் கேட்கக் கேட்க
இல்லை இல்லையென்று தலையாட்டினாள்.
"எங்கண்ணன் மேல கோவம். பதினாறு வருசமா.
நியாயமான கோவம்னுகூடச் சொல்ல மாட்டேன்.
ஆனா இந்த வீட்ல வாரியம் குடுக்காம
நானாச் சம்பாதிச்சது அது ஒண்ணுதான்.
கரைய விடமாட்டேன்."

வேனுக்குச் சொல்லும் நம்பர் எனக்கு மனப்பாடம்.
போன் சட்டைப்பையில் ஈரமாகிக்கொண்டிருந்தது.
அட்டையை வாங்கி எழுதினேன்:
எழுபத்தாறு.

"என்னய்யா, கொறச்சுப்புட்ட?"

"ஒரே நம்பராப் போனா சந்தேகம் வரும்.
மார்கழிக்கு எண்பத்தஞ்சு போடுவோம்.
மாசிக்குக் கொஞ்சம் இறக்கணும்,
பிறகு அறுபத்தெட்டு, பிறகு எழுபது…"

மனசென்று ஒன்று இருந்தால்
எப்படி ஏறி இறங்குமோ
அப்படியே என் வாயில் வந்தது.
எங்கே படித்தேன் இதை?

அன்றிரவு ஒன்பதரைக்கு
புதுக் காந்தம் இன்னும் தெளிவாகப் பாடியது.
நான் படுத்தபடி தேடினேன்,
எனக்கென்று ஒரு கோபம்.
எட்டாம் வகுப்பில் என் கணக்கு நோட்டை
வாய்க்காலில் வீசிய நல்லமணி.
அவனை நான் எப்போது மன்னித்தேன்?
மன்னிக்கச் சொன்னது யார்?

வாசலில் பெட்டி
டக்கென்று ஒரு எண் இறங்கியது.
கொஞ்சம் கழித்து இன்னொன்று.
எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

என் வீடு வேறொருத்தர் லைன்.
எப்படிப்பட்டவரோ.
இத்தனை வருடம் சிரித்துக்கொண்டே நின்றதில்
அவர் முகத்தை ஒருமுறையும் பார்க்கவில்லை.