ஒரு மதிப்பெண் வினா

சயானில் பேருந்துக்கு நிற்கிறேன்.
மடித்த பையின்மேல் ஏழாம் வகுப்பு,
குடிமையியல், முப்பத்தொரு விடைத்தாள்.

நகரத்துக்குக் குடிநீர் வழங்குவது யார்?
மாநகராட்சி என்று முப்பது பேர்,
நாலு பேர் எழுத்துப்பிழையோடு.
இசக்கிராஜ் மட்டும்:
"பாண்டி அண்ணன். மாசம் நானூறு.
லேட்டானா குழாயக் கழட்டிருவாரு."

சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.
மூடினேன்.

போன மாதம் எனக்கு
வாக்காளர் பட்டியல் வேலை.
தாராவியில், இரும்பு ஏணி ஏறி,
மாவரைக்கும் சத்தத்துக்கு மேலே கத்தி
இவன் அம்மாவிடம் சொன்னேன்:
"உங்க பேரு இதுல இல்லம்மா."
கிரைண்டரை நிறுத்தினாள்.
ஈரக்கையைச் சேலையில் துடைத்து
டிரங்குப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள்.
பழைய ரேஷன் அட்டை,
யார் பேரிலோ ஒரு கரண்ட் ரசீது,
கடைசியில்
இசக்கிராஜின் மதிப்பெண் அட்டை.
அதில் என் கையெழுத்து.

"இது செல்லாதா டீச்சர்?"

படிவம் கொடுத்தேன், மராத்தியில்.
பையன் தரையில் குப்புறப் படுத்து நிரப்பினான்,
கோடிட்ட இடங்களை நிரப்புவதில்
எப்போதும் கெட்டிக்காரன்.
தந்தை பெயர் வரை சரளமாய்ப் போனவன்
முகவரியில் நின்றான்.
"எந்த அட்ரஸ் டீச்சர்?
இப்ப இருக்கறதா,
இடிச்சாங்களே, அதுவா?"

பேருந்து வருகிறது,
கூட்டம் முட்டுகிறது.
அவன் விடையின் ஓரத்தில்
'விளக்குக' என்று எழுதி
அடித்துவிட்டேன்.
விளக்கித்தான் இருக்கிறான்.