மெரில் வராத ஜூன்

இடுப்பெலும்பு உடைந்து
பர்லிங்டன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் மெரில்.
எங்கள் ஏழு ஏக்கர் புல்
அது தெரியாமல் வளர்கிறது.

மூன்று பேருக்குப் போன் செய்தேன்.
ஒருவன் சிரித்தான்:
"ஏழு ஏக்கரா? டீசல் காசுக்கே கட்டாது."
ஹெஸ்டர், ஆகஸ்டில் பார்க்கலாம் என்றாள்.
மூன்றாமவர் இறந்து
இரண்டு வருடம் ஆகிறதாம்.
மனைவி சொன்னாள். மன்னிப்புக் கேட்டாள்.

பதினெட்டு வருடமாய்
என் நிலம், என் நிலம் என்கிறேன்.
எந்த கேட்டைத் திறந்தால்
டிராக்டர் நுழையும் என்பது
அவருக்குத்தான் தெரியும்.

திமோத்திப் புல் கதிர் விட்டு, பூத்து,
பழுப்பேறிவிட்டது.
சத்து போச்சு.
இனி மாடு முகர்ந்துவிட்டு
முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

நேற்று போனில் கேட்டார்:
"வடக்கு மூலை ஈரம்.
சக்கரம் இறங்காமல் பார்த்து அறுத்தார்களா?"
யாரும் வரவில்லை என்று சொல்ல
வாய் எழவில்லை.
"பார்த்துத்தான் அறுத்தார்கள்."

இன்று மாலை
முதல்முறையாக உள்ளே நடந்தேன்.
இடுப்பளவு புல்.
காலடியிலிருந்து
பறக்கப் பழகாத குஞ்சுகள்
தத்தித் தத்தி எழுந்தன,
எழுந்துகொண்டே இருந்தன.
போன ஜூன்களில் இவை என்னவாயின என்று
யோசிக்கத் தொடங்கி
நிறுத்திக்கொண்டேன்.

வடக்கு மூலையில்
கணுக்கால் வரை ஷூ முழுகியது.
ஈரம்தான்.