அளந்து போட்டது

பணிமனைக் கழிப்பறையில் நின்றபடி
கைப்பேசியில் என் கணக்கைத் திறந்தேன்.
மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் யூரோ.
முந்தின நாள் அதே இடத்தில்
நானூற்று ஆறு இருந்தது.
மூடிவிட்டு மறுபடி திறந்தேன்.
வெய்யோ கதவைத் தட்டினான்:
"ரைலி, நாலாம் நம்பர் கிளம்பணும்."
கிளம்பினேன்.
கயானி நகரத்தின் பதினேழு நிறுத்தங்களிலும்
வழக்கம்போல் நின்றேன்.

அப்பாவின் காடு அது.
நூற்று நாற்பது ஹெக்டேர் பைன் மரங்கள்.
விற்று, வரி போக,
அண்ணனும் நானும் பாதிப் பாதி.
ஓஸ்மோ தன் பாதியில் படகு வாங்கினான்,
படகை வைக்கக் கொட்டகை,
கொட்டகைக்குப் போக ஒரு ஜீப்.
மீன் இன்னும் சிக்கவில்லை.

எனக்கோ ஆலோசனைக்குப் பஞ்சமில்லை.
காப்பி போடும் சிர்க்கா சொன்னாள்:
ஸ்பெயினில் கடல் பார்த்த வீடு,
ஆரஞ்சு மரம், முழங்கால் வலி பறந்துவிடும்.
அவள் மகன் யூஸோ சொன்னான்:
கண்ணால் பார்க்க முடியாத ஒரு நாணயம்,
ஆறு மாதத்தில் பத்து மடங்கு.
வங்கிக்காரர் பெர்ட்டு
இலவங்கப்பட்டை பன் கொடுத்தார்,
வழவழ தாளில் மூன்று திட்டங்கள் கொடுத்தார்.
வருடக் கட்டணம் எவ்வளவு என்றேன்.
"ஒன்று புள்ளி எட்டுதான்" என்றார்.

அந்தத் 'தான்' என்னை உறுத்தியது.
சிவப்பு விளக்குகளில் நின்றபோதெல்லாம்
பயணச்சீட்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டேன்.
இருபது வருடம் போனால்
ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு
அந்தத் 'தானு'க்குள் போய்விடும்.
பன் நன்றாகத்தான் இருந்தது.

குளிர்காலம் முழுக்க ஒன்றும் செய்யவில்லை.
பல் கட்டிக்கொண்டேன், இரண்டாயிரம்.
வீட்டுக் கடனை அடைத்தேன்.
"வட்டி குறைவாயிற்றே, ஏன் அவசரம்?" என்றார் பெர்ட்டு.
பகல் கணக்கில் அவர் சொன்னது சரி.
ராத்திரி இரண்டு மணிக்கு
விழித்துக்கொள்கிறவள் நான்.

கூரை ஒழுகினால், வேலை போனால் என்று
முப்பதாயிரம் தனியே வைத்தேன்.
மீதியை ஏப்ரலிலிருந்து,
பதினைந்தாம் தேதிதோறும் ஏழாயிரமாக,
இருப்பதிலேயே மலிவான நிதியில்.
உலகத்தின் எல்லா நிறுவனங்களிலும்
எள்ளத்தனை எனக்கு.
கேட்டவர்கள் கொட்டாவி விட்டார்கள்.
சொல்லிக்கொண்டிருந்த எனக்கே வந்தது.

பிறகு அந்த மூன்றாம் மார்ச்.
மூன்றே வாரத்தில்
நாற்பத்தோராயிரம் காணாமல் போனது.
அப்பா ஒரு மரத்தைச் சாய்க்குமுன்
அதை மூன்றுமுறை சுற்றி வருவார்.
இங்கே வெட்டிய சத்தம்கூடக் கேட்கவில்லை.

அன்றிரவு எல்லாவற்றையும் விற்றுவிடத்தான் உட்கார்ந்தேன்.
விரல் பொத்தான் மேல் இருந்தது.
வங்கி ரகசிய எண் கேட்டது.
எண் எழுதிய அட்டை
பணிமனை அலமாரியில்,
இருபத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி.
வெளியே மைனஸ் இருபத்து நான்கு,
வாசல்வரை பனி.
கலப்பை வண்டி காலையில்தான் வரும்.
திட்டினேன். அட்டையை, என்னை, உலகத்து நிறுவனங்களை.
சானா அறையில் விறகு வைத்தேன்,
வியர்த்தேன், தூங்கிப் போனேன்.

காலையில் வண்டி வந்தது. பாதை திறந்தது.
அட்டை கைக்கு வந்தது.
பதினைந்தாம் தேதி.
ஏழாயிரம் போட்டேன்.

இப்போது சிர்க்கா எல்லோரிடமும் சொல்கிறாள்
ரைலிக்கு இரும்பு நெஞ்சு என்று.
மறுக்கப் பார்த்தேன், கேட்கமாட்டாள்.
போன பணம் திரும்பி வந்து
கூடவே கொஞ்சம் கூட்டிக்கொண்டும் வந்தது.
எவ்வளவு என்று கேட்காதீர்கள்,
வருடத்துக்கு ஒருமுறைதான் பார்க்கிறேன்.
அட்டை இன்னமும் அலமாரியில்தான்.
வேண்டுமென்றே.

போன வாரம் யூஸோ வந்து நின்றான்.
நாணயத்தைப் பற்றி அவன் பேசவில்லை.
குளிர்கால டயருக்கு நானூறு வேண்டும் என்றான்.
கொடுத்தேன்.
நோட்டுப் புத்தகத்தில் எந்தத் தலைப்பில் எழுதுவது
என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.
வெய்யோ கதவைத் தட்டினான்.