இடப்பக்கம் நாலாவது வாங்கு

ரொறொன்ரோவிலிருந்து பட்டியலோடு வந்திருந்தான் பிலேந்திரன்.
ஃப்ரிபூரில் பார்க்க வேண்டிய தேவாலயங்கள் ஐந்து,
பாலங்கள் மூன்று,
நகரத்துக் கழிவுநீரின் பாரத்தில்
ஏறி இறங்கும் மலை ரயில் ஒன்று.
பின்னேரம் நாலரைக்குள் முடிக்க வேணும்.

“இருபத்தாறு வருஷமா இருக்கிறியள்,
உங்களுக்குத் தெரியாததே?” என்றாள் ஜெசிந்தா.

தெரியும்.
சென் நிக்கோலாவில் இடப்பக்கம் நாலாவது வாங்கு,
அதன் கீழேதான் ஹீட்டர் குழாய்.
நோத்ரதாமில் பதினொரு மணிக்குப் பிறகுதான் சூடு பிடிக்கும்.
கோர்தலியேயில்
பாட்டுக்காரர் பழக வரும் வியாழன்களில் மட்டும்.
கன்னியர் மடத்துக் கோயில் வடிவுதான்,
மாசியில் போக வேண்டாம்.

அந்த மாசியில்
காலை எட்டுக்கு முகாமைப் பூட்டினால்
ஐந்துக்குத்தான் திறப்பார்கள்.
கோப்பிக்கடையில் இருக்கக் காசு வேணும்.
ஸ்டேசனில் இருக்கக் கடதாசி வேணும்.
புங்குடுதீவுச் சைவன் நான்
நெற்றியை உள்ளங்கையால் துடைத்துவிட்டு
உள்ளே போனேன்.
இரண்டாம் கிழமை துடைக்கவில்லை.

வாசல் வளைவில் கடைசித் தீர்ப்பு.
பன்றித்தலைப் பிசாசொன்று
முதுகுக் கூடையில் ஆட்களைச் சுமந்து போகிறது.
பிலேந்திரன் படம் எடுக்கிறான்,
நூற்றாண்டைப் பார்த்துச் சொல்கிறான்.
அப்போது என் கண்ணில் பட்டது கொப்பரை.
கீழே நெருப்பு,
உள்ளே நாலைந்து பேர் தோளோடு தோளாய்.
இன்னொரு ஆளுக்கு இடமிருக்கும் போலத்தான் இருந்தது.

உள்ளே சிவப்பும் நீலமுமாய்க் கண்ணாடி யன்னல்கள்.
யன்னல், வாங்கு, மேசை, சாவி:
பறங்கியர் எங்கள் கரையில் விட்டுப்போன சொற்களை வைத்துத்தான்
இங்கே எதையும் என்னால் சுட்ட முடிகிறது.
மற்றதெல்லாம் சும்மா கல்.

ஓபெர்சோன் என்று ஒருவர்,
மெழுகுதிரிக் கட்டைகளைச் சுரண்டி எடுப்பவர்,
என்னைப் பெரிய பக்தன் என்று நினைத்துவிட்டார்.
ஒருநாள் பக்கத்தில் வந்து குந்தினார்.
விளங்கிய சொற்கள் இரண்டு: மனைவி, ஆஸ்பத்திரி.
கையால் என்னைக் காட்டி,
மேலே காட்டி,
கைகளைக் கூப்பினார்.

தலையாட்டிவிட்டேன்.
எனக்குத் தெரிந்தது ஒரு தேவாரம்,
அதுவும் பள்ளிக்கூடத்தில் அடிவாங்கிப் பாடமாக்கியது.
அதைச் சொன்னேன்.
நடுவில் ஒரு வரி வரவில்லை.

பிழைத்தாவா என்று கேட்க
அன்றைக்கு என்னிடம் பிரெஞ்சு இல்லை.
பிரெஞ்சு வந்தபோது
திரிக்கட்டை சுரண்ட வேறொரு பெடியன் நின்றான்.

“கோபுரத்துக்கு வரயில்லையே?
முந்நூறு சொச்சம் படிதான்.”
நீங்கள் போங்கோ, பை பார்க்கிறேன் என்றேன்.
படிக்கட்டுக்குள் ஜெசிந்தாவின் மூச்சு
கொஞ்ச நேரம் கேட்டது.

ஆடி மாதம்.
குழாய் குளிர்ந்து கிடக்கிறது.
முன்வாங்கில் ஒரு கிழவி செய்தித்தாளால் விசிறுகிறாள்.
சப்பாத்தைக் கழற்றி
குழாயின் மேல் குதிக்காலை வைத்தேன்,
விட்டுப்போன வரி
நாக்குக்குக் கிட்ட வந்து நிற்கிறது.