பெயர் நீக்கிய படம்

சோகார். பிப்ரவரி. இரவு இரண்டு மணி.
துறைமுகத்தில் சாரத்திலிருந்து விழுந்தவர்,
வயது முப்பத்துநாலு, வலது இடுப்பு.
தாங்கித் தாங்கி நடக்கிறார் என்று
ஒரே வரி எழுதி அனுப்பியிருந்தார்கள்.

படத்தில் முதலில் தெரிந்தது தாயத்து.
அரைஞாண் கயிறு சரிந்து
இடுப்பெலும்பின் மேல் வந்து கிடந்தது குப்பி,
அப்பழுக்கில்லாத வெள்ளையாய்.
கழற்ற மாட்டேன் என்றாராம்.
உள்ளே தகடா, சாம்பலா என்று
பெரிதாக்கிப் பார்த்தேன்.
வேடிக்கை முடிந்ததும்
"எலும்பு முறிவு இல்லை" என்று எழுதிவிட்டு
ஆறிப்போன கரக் டீயைக் குடித்தேன்.

நான்காம் நாள் ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள்.
கால் குட்டையாகி, வெளிப்பக்கம் திரும்பி.
பழைய படத்தை மறுபடி திறந்தேன்.
தொடையெலும்பின் கழுத்தில்
தலைமுடி விழுந்தாற்போல் ஒரு கோடு.
இருந்திருக்கிறது.
தாயத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி.

எங்களுக்கு ஒரு பொதுப் பெட்டகம் உண்டு.
குவைத், மனாமா, தோஹா, சலாலா,
யாருக்கு எது அகப்படுகிறதோ அதில் போட்டுவைப்போம்
படிக்கிறவர்களுக்காக.
பெரும்பாலும் அபூர்வங்கள்:
ஒட்டகம் உதைத்த கல்லீரல்,
ஒன்பது காந்தம் விழுங்கிய குழந்தை.
கண்டுபிடித்தவருக்கு நாலைந்து சபாஷ்.
கோட்டைவிட்டதை யார் போடுவார்கள்?

பெயரை நீக்கவா என்றது மென்பொருள்.
நீக்கு.
அட்டை எண், பிறந்த நாள், கம்பெனி, எல்லாம்.
(இங்கேயும் அதைச் சொல்லப் போவதில்லை.)
தாயத்தை என்ன செய்வது?
ஊரைச் சொல்லும், சாமியைச் சொல்லும்,
கட்டிவிட்டவரின் பயத்தையும் சொல்லும்.
கறுப்புக் கட்டம் வைத்து மறைத்தேன்.
மறைத்ததும் முறிவு பளிச்சென்று நின்றது,
முதல் நாள் பயிற்சிக்கு வந்தவரே சொல்லிவிடலாம்.
கட்டத்தை எடுத்துவிட்டேன்.

மருத்துவர் என்ற இடத்திலும்
பெயரை நீக்கவா என்றது.
வேண்டாம். அது இருக்கட்டும்.

விடிவதற்குள் பதில்கள்.
சலாலாவின் ஷிஹாபுதீன்: "நார்மல்."
ஐந்து நிமிடம் கழித்து அவரே:
"அந்த உலோகம் என்ன, தோட்டாவா?"
குவைத்திலிருந்து பத்ரியா:
"தொடைக் கழுத்து. போன வருஷம் நானும் விட்டேன்.
எனக்கு, பாக்கெட்டில் இருந்த சாவி."
தோஹாவில் படமெடுக்கிற ரோவெனா
யாரையும் குத்தாமல் எழுதியிருந்தாள்:
"பாதம் வெளியே பார்க்கிறது.
பதினைந்து டிகிரி உள்ளே திருப்பி
இன்னொன்று எடுத்திருக்கலாம்.
வலிக்கும். முதலில் மருந்து கொடுத்து,
கையைப் பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டும்."
மனாமாவில் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஹனான்
விடையே எழுதவில்லை.
"அவர் இப்போது எப்படி இருக்கிறார்?"

அதற்கென்று படிவத்தில் கட்டம் இல்லை.

மூன்றாம் மாடிக்குப் போனேன்.
மூன்று திருகாணி வைத்திருந்தார்கள்.
நான் யார் என்று சொன்னேன், செய்ததையும் சொன்னேன்.
கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார்.
வெளியே புகைபோக்கிகள், தூசி.
"கயித்த அறுத்துட்டாங்க டாக்டர்.
எங்க இருக்குன்னு கேட்டுச் சொல்றீங்களா?"

நர்ஸ் அலமாரியைத் திறந்தாள்.
சின்ன பிளாஸ்டிக் உறை.
மேலே மார்க்கரில் முழுப் பெயர்,
அப்பா பெயரோடு.
ஒரு எழுத்து பிழை.
பேனா வாங்கித் திருத்தினேன்.